காப்பி அடிங்க... ஆனா சொல்லிட்டு அடிங்க!

ஒண்ணாங்கிளாஸ்ல சிலேட்டை மறைச்சுக்கிட்டு உட்கார்ந்த காலத்துல ஆரம்பிச்சு, செமஸ்டர் ஹாலுக்குள்ள பறக்கும் படை நுழையுற வரைக்கும் நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒரே அட்வைஸ்... ‘காப்பி அடிக்காதே!’

ஆனா, காப்பி அடிக்கிறதுக்குன்னே ஒருத்தரைக் கூப்பிட்டு வேலை கொடுத்து, அவர் அடிச்ச காப்பியைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு ஊருக்கே காட்டின இடம் ஒண்ணு இருக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைனு நினைச்சுடாதீங்க பாஸ்... லண்டன் பிரிட்டிஷ் மியூசியம்!

அந்த வேலையைச் செய்தவர் பெயர் ராபர்ட் ரெடி. 1859-ல் மியூசியத்துக்காக நகல் எடுக்க ஆரம்பித்தார். பிறகு அவருடைய பிள்ளைகளும் அதே தொழிலில் இறங்கினார்கள். அவர்கள் எடுத்த நகல்களில் அதிகம் பேசப்பட்டவை, பண்டைய கிரேக்கர்களின் வெள்ளி நாணயங்கள். பார்த்தால் அப்படியே அச்சு அசல். ஆனால், காசின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் ‘ஆர்.ஆர்.’ என்று ராபர்ட் ரெடியின் இனிஷியலோ, மியூசியத்தைக் குறிக்கும் ‘எம்.பி.’ என்ற எழுத்துகளோ குட்டியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ‘நான் ஒரிஜினல் இல்லீங்க’ என்று காசே கொடுக்கும் வாக்குமூலம்!

அந்த ரெண்டு எழுத்து இருந்தா அது பாடம். இல்லைன்னா அது மோசடி. நடுவுல இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ரெண்டு எழுத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. வாங்க, பார்க்கலாம்.

ஆந்தையார் அறிமுகம்

கிரேக்க நாட்டு மியூசியம் கடைகளில் சக்கைப்போடு போடும் நகல் எது தெரியுமா? ஏதென்ஸ் நகரத்து ‘ஆந்தை’! முன்பக்கம், தலைக்கவசம் போட்ட அதீனா தேவி. பின்பக்கம், முட்டைக் கண்ணோடு நம்மையே முறைக்கும் ஒரு ஆந்தை. பக்கத்தில் ஆலிவ் இலை, குட்டிப் பிறை நிலா, அல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்று மூன்று எழுத்துகள். மேத்ஸ் கிளாஸில் பார்த்து அலுத்துப்போன அதே எழுத்துகள்தான். இங்கே அவற்றுக்கு அர்த்தம், ‘ஏதென்ஸ்காரர்களுடையது’.

இதன் அதிகாரப்பூர்வப் பெயர் டெட்ராடிராக்மா. அதாவது, நாலு டிராக்மா. எடை சுமார் 17.2 கிராம். நம்ம பத்து ரூபாய் காயினைவிட அகலம் கம்மி, ஆனா எடை ரெண்டு மடங்குக்கும் மேல! உள்ளங்கையில் வைத்தால் ‘நச்’சென்று உட்காரும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஏதென்ஸில் எரெக்தியான் கோயில் கட்டிய தொழிலாளிகளின் சம்பளக் கணக்கு, கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. ஒரு நாள் கூலி ஒரு டிராக்மா. ஆக, ஒரு ஆந்தை என்பது நாலு நாள் வியர்வை.

இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? ஏதென்ஸுக்குத் தெற்கே இருக்கும் லாரியான் சுரங்கங்களில் இருந்து. கி.மு. 483 வாக்கில் அங்கே வெள்ளி கொட்டோ கொட்டென்று கொட்டியது. ‘ஆளுக்குப் பத்து டிராக்மா பிரிச்சுக் கொடுத்துடலாம்’ என்பது ஊரில் பேச்சு. தெமிஸ்டாக்ளிஸ் என்ற தலைவர் குறுக்கே விழுந்தார். ‘காசைப் பிரிக்காதீங்க... கப்பல் கட்டுங்க!’ கட்டினார்கள். மூணே வருஷத்தில், கி.மு. 480-ல், சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் பேரரசின் மாபெரும் கடற்படையைத் துரத்தியடித்தவை அந்தக் கப்பல்கள்தான்.

ஜெயித்த கதைக்கு அடியில் ஒரு இருட்டும் இருக்கு. குனிந்து தவழ்ந்து போகும் குறுகலான சுரங்கங்களில் அந்த வெள்ளியை வெட்டி எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கான அடிமைகள். நிகியாஸ் என்ற பணக்காரர் ஆயிரம் அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கே விட்டிருந்தார். ஒரு ஆளுக்கு ஒரு நாள் வாடகை ஒரு ஒபோல். டிராக்மாவில் ஆறில் ஒரு பங்கு! இதை எழுதிவைத்தவர் ஸெனஃபோன். ஆந்தை நகலைக் கையில் எடுக்கும்போது அந்த முகம் தெரியாத ஆட்களையும் கொஞ்சம் நினைச்சுக்கணும்.

சந்தையில் ஒரு டெஸ்ட்டர்

‘போலி எல்லாம் இந்தக் காலத்து வியாதி’னு நினைக்கிறீங்களா? நோ சான்ஸ்!

ஸ்பார்ட்டாவோடு நடந்த நீண்ட போரின் கடைசியில் ஏதென்ஸ் கஜானா காலி. கி.மு. 406 வாக்கில், செம்பு மேலே வெள்ளி முலாம் பூசிய காசுகளை அரசாங்கமே வெளியிட்டது. அடுத்த வருஷமே அரிஸ்டோஃபனிஸ் தன் ‘தவளைகள்’ நாடகத்தில் அதை மேடையில் வைத்தே கிண்டல் அடித்துவிட்டார். நல்ல மனுஷங்களை ஒதுக்கிட்டு மட்டமானவங்களைத் தலைவரா வெச்சிருக்கீங்க, நல்ல காசை விட்டுட்டு மட்டமான காசை நீட்டுற மாதிரி என்று!

போர் முடிந்து நிலைமை சீரானதும், கி.மு. 375-ல் நிகோஃபோன் என்பவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தைப் பொறித்த கல்தூண், 1970-ல் ஏதென்ஸின் பழைய சந்தைப் பகுதியில் நடந்த அகழாய்வில் கிடைத்தது. படித்தால் அசந்துபோவீர்கள்.

சந்தையில் மேஜைகளுக்கு நடுவே ஒரு பரிசோதகர் உட்கார்ந்திருப்பார். அரசுக்குச் சொந்தமான அடிமை அவர். யாருக்கு எந்தக் காசில் சந்தேகம் வந்தாலும் அவரிடம் நீட்டலாம். உள்ளே செம்போ, ஈயமோ இருந்தால் அங்கேயே குறுக்கே ஒரு வெட்டு! வெட்டிய காசு கோயிலுக்குப் போய்விடும், மறுபடி புழக்கத்துக்கு வராது. ‘நல்ல காசு’ என்று அவர் சொன்ன பிறகும் ஒரு வியாபாரி வாங்க மறுத்தால், அன்றைக்கு அவர் கடை விரித்த சரக்கு பறிமுதல். பரிசோதகரே வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் அவருக்கு 50 கசையடி.

இதில் கவனிக்க வேண்டிய பாயின்ட் ஒன்று உண்டு. ஆந்தைக் காசு அந்தக் கால டாலர் மாதிரி. எகிப்து உட்படப் பல நாடுகளில் அதைப் பார்த்து அப்படியே அடித்தார்கள். அப்படி வெளியூரில் அடித்த ஆந்தை வந்தால்? வெள்ளி நல்லதாக இருந்தால், கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெட்டு, ஏமாற்றுக் காசுக்கு மட்டும்தான். நகலையும் மோசடியையும் 2,400 வருஷத்துக்கு முன்னாடியே தனித்தனியா பார்த்திருக்காங்க!

கெமிஸ்ட்ரி லேப்ல ஒரு காசு

சரி, லண்டனுக்குத் திரும்புவோம். ராபர்ட் ரெடி எப்படி நகல் எடுத்தார்? எலெக்ட்ரோடைப் முறையில். சயின்ஸ் குரூப் ஆசாமிகளுக்கு இது ஜுஜுபி.

ஒரிஜினல் காசை மெழுகு மாதிரி மென்மையான பொருளில் அழுத்தி அச்சு எடுக்கணும். அந்த அச்சு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால், அதன்மேல் கிராஃபைட் தூள் தடவணும். பிறகு, காப்பர் சல்ஃபேட் கரைசலில் மூழ்கவைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைக்கணும். கரைசலில் இருக்கும் தாமிரம் மெல்ல மெல்ல அச்சின்மேல் படியும். உரித்தெடுத்தால், காசின் ஒரு பக்கம் மெல்லிய தாமிர ஓடாக ரெடி! இதே மாதிரி மறுபக்கம். ரெண்டு ஓட்டின் முதுகிலும் ஈயக் கலவையை நிரப்பி, ஒட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, மேலே வெள்ளி முலாம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் காசில் விழுந்த கீறல்கூட அப்படியே நகலில் வந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு? மூணு காரணம்.

ஒண்ணு, பாதுகாப்பு. ஒரிஜினலை இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டு, நகலை ஹாலில் வைக்கலாம். திருடன் வந்தால் ஏமாந்து போவான்.

ரெண்டு, காசுக்கு இரண்டு பக்கம். ஆனால், பெட்டிக்குள் இருக்கும் ஒரு காசில் ஒரு பக்கம்தான் தெரியும். நகல் இருந்தால் அதீனாவும் ஆந்தையும் பக்கத்தில் பக்கத்தில்.

மூணாவதுதான் முக்கியம். அந்தக் காலத்துக் காசு மெஷினில் அடித்ததில்லை. பட்டடைக் கல்லில் ஒரு அச்சு, அதன்மேல் வெள்ளி வில்லை, அதன்மேல் இன்னொரு அச்சு, சம்மட்டியால் ஒரே போடு. அச்சு தேயத் தேய, உடைய உடைய, புதுசு செதுக்குவார்கள். பெர்லினில் இருக்கும் காசும் பாரீஸில் இருக்கும் காசும் ஒரே அச்சில் பிறந்தவையா என்று கண்டுபிடித்தால், எது முன்னாடி, எது பின்னாடி, எத்தனை அச்சு தேய்ந்தது என்று ஒரு நகரத்தின் பண வரலாற்றையே அடுக்கிவிடலாம். அதற்காக ஒரிஜினல் காசுகளை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? பிளாஸ்டர் நகல்கள் பார்சலில் போய் வந்தன. கிரேக்க நாணயங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த பல விஷயங்கள், நகல்களை மேஜையில் பரப்பி வைத்து ஆராய்ந்ததில் கிடைத்தவை.

காசு போன கோச்சு வண்டி

ஹீரோ இருந்தா வில்லன் வேணுமில்ல? ஜெர்மனிக்காரர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர். 1772-ல் பிறந்து 1830-ல் மறைந்தவர். கிரேக்க, ரோமானியக் காசுகளுக்குத் தன் கையாலேயே அச்சு செதுக்கிய கில்லாடி. 300-க்கும் மேற்பட்ட மாதிரிகள்! தேய்ந்துபோன, மலிவான பழைய காசுகளை வாங்கி, அவற்றின்மேலேயே புது அச்சைக் குத்துவார். உலோகம் அந்தக் காலத்தது, உருவம் மட்டும் பெக்கருடையது. எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுசாக அடித்த காசு பளபளவென்று காட்டிக்கொடுக்குமே... அதற்கும் வழி வைத்திருந்தார். இரும்புத்தூள் நிரம்பிய பெட்டியில் காசுகளைப் போட்டு, தன் கோச்சு வண்டிக்கு அடியில் கட்டிவிடுவாராம். கரடுமுரடான ரோட்டில் வண்டி குலுங்கக் குலுங்க, காசுக்கு வயசு ஏறும். ‘பெரியவங்களை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்’ என்பது அவர் பாணி ஜோக் என்கிறார்கள்.

கலைத்திறமையில் ரெடிக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை பெக்கர். மெழுகு அச்சு எதுவும் இல்லாமல் கையால் செதுக்கியவர் என்பதால் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால், விளிம்பில் அந்த ரெண்டு எழுத்தைப் போட அவருக்கு மனசு வரவில்லை. அவர் செதுக்கிய அச்சுகள் இன்று பெர்லின் மியூசியத்தில், போலிகளைக் கண்டுபிடிக்கும் பாடமாக இருக்கின்றன.

அரெஸ்ட் ஓகே... காசு போலி!

இது லேட்டஸ்ட் கூத்து. 2012 ஜனவரி, நியூயார்க். ஒரு பெரிய ஹோட்டலில் நாணயக் கண்காட்சி. சேகரிப்பாளரான ஒரு டாக்டர், சிசிலித் தீவில் இருந்த கிரேக்க நகரங்களின் வெள்ளி நாணயங்களை விற்பனைக்கு வைத்திருந்தார். விலை லட்சக்கணக்கான டாலர். ‘இது சமீபத்துல தோண்டி எடுத்தது, பேப்பர் எதுவும் கிடையாது’ என்கிற ரீதியில் அவர் பேசியது, போலீஸ் அனுப்பிய ஆளிடமே! இத்தாலியில் இருந்து கடத்திய பொருளை விற்பதாகக் கைது.

அப்புறம்தான் ட்விஸ்ட். காசுகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்... எல்லாம் போலி! நிபுணர்களையே ஏமாற்றும் அளவுக்குப் பிரமாதமான போலி. ‘திருட்டு மால்’ என்று நம்பி அவர் விற்றது, திருட்டு மாலே இல்லை. ஆனாலும், திருட்டுப் பொருளை வைத்திருக்க முயன்ற குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். 70 மணி நேரம் சமூக சேவை, அபராதம், கூடவே ஒரு இம்போசிஷன்: எங்கே கிடைத்தது என்ற விவரமே இல்லாத நாணயங்களை வாங்கி விற்பதில் இருக்கும் பிரச்னை பற்றி, நாணய இதழில் ஒரு கட்டுரை எழுதணும்!

சிரிப்பு வருதுல்ல? ஆனா, யோசிச்சுப் பாருங்க. ‘பேப்பர் கேட்காதே’ என்கிற அதே இருட்டுச் சந்தில்தான் கடத்தல்காரனும் போலிக்காரனும் கை குலுக்கிக்கொள்கிறார்கள்.

குழி தோண்டினா கதை போச்சு

துருக்கியில் எல்மாலி என்ற ஊர். 1984-ல் மெட்டல் டிடெக்டரோடு போனவர்களுக்கு ஒரு புதையல் தட்டுப்பட்டது. சுமார் 1,900 வெள்ளி நாணயங்கள். அதில், உலகிலேயே மிக அபூர்வமான ஏதென்ஸின் பத்து டிராக்மா காசுகள் மட்டும் டஜனுக்கு மேல். ‘நூற்றாண்டின் புதையல்’ என்றே பெயர் வைத்தார்கள். ஆனால், மியூசியத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே அது எல்லை தாண்டி, பெரும்பகுதி அமெரிக்கப் பணக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. துருக்கி அரசு கோர்ட் ஏறியது. பல வருஷ இழுபறிக்குப் பிறகு 1999-ல்தான் பெரும்பாலான காசுகள் தாய்நாடு திரும்பின.

காசு திரும்பிவிட்டது. கதை திரும்பவில்லை. எப்படி அடுக்கி வைத்திருந்தார்கள், பக்கத்தில் வேறு என்ன இருந்தது, மண் அடுக்கு என்ன சொன்னது? அதெல்லாம் தோண்டிய அந்த ராத்திரியோடு போச்சு. ஒரு புத்தகத்தின் அட்டையை மட்டும் கிழித்து விற்றுவிட்டு, உள்பக்கங்களைக் கொளுத்திய மாதிரி!

நல்ல நகலோட அருமை இங்கேதான் புரியும். ‘பழைய காசு ஒண்ணு கையில வேணும்’ங்கிற நம்ம ஆசை நியாயமானதுதான். அந்த ஆசைக்காக எங்கேயோ ஒரு குழி தோண்டப்படணுமா? ‘எம்.பி.’ என்று முத்திரை போட்ட நகல் ஒன்று, யார் வீட்டு நிலத்தையும் தோண்டாமல், அதே ஆந்தையை நம் கையில் உட்காரவைக்குதே!

அமெரிக்காவில் 1973-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. நாணய நகல் எதுவாக இருந்தாலும் ‘காப்பி’ என்ற சொல் அதன்மேல் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ராபர்ட் ரெடி தானாகச் செய்ததை, சட்டம் சொல்லிச் செய்ய வைத்தது!

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்...

* ஆந்தை நகல் வாங்க ஆசையா? மியூசியம் கடையில் வாங்குங்க. முத்திரையோ, ‘நகல்’ என்ற சான்றோ இருக்கணும்.

* விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினா, அது அச்சில் ஊற்றியதாகவோ, இரண்டு ஓட்டை ஒட்டியதாகவோ இருக்கலாம். மேற்பரப்பில் குட்டிக் குட்டி குமிழ்ப் பள்ளங்கள் தெரிஞ்சாலும் வார்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

* காந்தத்தில் ஒட்டினா அது வெள்ளி இல்லை. ஒட்டலைங்கிறதுக்காக வெள்ளின்னும் முடிவு பண்ணிடாதீங்க. செம்பும் ஈயமும்கூட ஒட்டாது.

* ‘ஒரிஜினல் ஆந்தை, சல்லிசு விலை, பில் கிடையாது’ன்னு யாராவது சொன்னா... எடுங்க ஓட்டம்!

* நம்ம ஊரிலும் சட்டம் உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் பழமையான நாணயம், 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மண்ணுக்குள் இருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் சொல்லணும். இது 1878-ம் வருஷச் சட்டம்.

பாக்கெட்டுக்குள்ள டிராக்மா!

‘டிராக்மா’ என்றால் கிரேக்க மொழியில் ‘ஒரு கைப்பிடி’ என்று அர்த்தம். துபாயில் இருந்து அண்ணன் அனுப்பும் ‘திர்ஹம்’ இருக்கே, அது இந்த டிராக்மாவோட பேரப்பிள்ளை! இந்தியில் விலை கேட்கும் ‘தாம்’ என்ற சொல்லும் அதே குடும்பம்தான். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிரேக்க நாணயங்களே கிடைத்திருக்கின்றன. நாணயவியல் ஆய்வாளர் இரா.கிருஷ்ணமூர்த்தி, அங்கே கிடைத்த அயல்நாட்டுக் காசுகளைப் பற்றி 2000-ம் ஆண்டில் தனிப் புத்தகமே போட்டார். கிரீஸில் டிராக்மா 2002-ல் விடைபெற்று யூரோ வந்தது. ஆனால், ஆந்தை விடைபெறவில்லை. கிரீஸ் அடிக்கும் ஒரு யூரோ காசின் ஒரு பக்கத்தைத் திருப்பிப் பாருங்க... அந்தப் பழைய டெட்ராடிராக்மாவே படமாக உட்கார்ந்திருக்கும். ஒரு நாடே சேர்ந்து, பெருமையா எடுத்த காப்பி!

கடைசியா, நம்ம மேட்டருக்கு வருவோம். நாளைக்கு அசைன்மென்ட், அடுத்த வாரம் செமினார். நாலு புத்தகத்தைப் பார்க்காமல், யார்கிட்டயும் எதுவும் எடுக்காமல் எழுத முடியுமா? சான்ஸே இல்லை. தாராளமா எடுங்க. எடுத்த இடத்துக்குக் கீழே, ‘இது இன்னார் சொன்னது, இந்தப் புத்தகத்துல இருக்கு’ன்னு ஒரே ஒரு வரி போடுங்க. ராபர்ட் ரெடி விளிம்பில் போட்ட ‘ஆர்.ஆர்.’ மாதிரி!